கேரட் கழுவும் கொட்டகையில் 112 வோல்ட்டும் மூன்று பூஜ்யங்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஊட்டியை ஒட்டிய பாலாடா பக்கம் கேரட் கழுவும் கொட்டகைகள் நிறைய உண்டு. வயலில் பிடுங்கிய கேரட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, சுழலும் பீப்பாயில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்ற வேண்டும். அதனால் வேலை முழுக்க இரவில்தான். தரையில் எப்போதும் கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீர் நிற்கும். மோட்டார், ஸ்டார்ட்டர், மெயின் சுவிட்ச் எல்லாம் அந்த ஈரத்துக்குப் பத்தடிக்குள்ளேயே இருக்கும்.

இந்தக் கொட்டகையில் இருந்தது 5 எச்பி மூன்று பேஸ் மோட்டார். அதிர்வு குறைய மோட்டாரையும் பீப்பாயையும் தாங்கும் ஆங்கிள் ஸ்டாண்டுக்கு அடியில் பழைய டயர்த் துண்டுகளை வைத்திருந்தார்கள். அந்த ரப்பர் துண்டுகள் பின்னால் முக்கியமாகப் போகின்றன.

ஜனவரி மாதம், உறைபனிக் காலம். அங்கே வேலை செய்த ஒரு அக்கா, பீப்பாயைத் தொட்டால் கை இழுக்கிறது என்று நான்கைந்து நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட நின்ற மற்ற மூவருக்கும் ஒன்றும் இல்லை. அவர் சொல்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்கு மட்டும் ஏன் அடிக்கணும், நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று அவர் கேட்டதாக உரிமையாளரே பின்னர் என்னிடம் சொன்னார். காரணம் எளிது. அவருடைய ரப்பர் பூட்ஸ் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. சாக்ஸ் நனைந்து, கால் நேராகத் தண்ணீரில் இருந்தது. மற்றவர்களின் பூட்ஸ் முழுதாக இருந்தது.

முதல் வருகையில் நடந்தது

மின்வேலை பார்க்கும் எங்களுக்கு முன்பே ஒரு வயர்மேன் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவர் செய்ததை உரிமையாளர் விவரமாகச் சொன்னதால் இங்கே எழுத முடிகிறது. மோட்டாரை ஓடவிட்டு ஸ்டாண்டுக்கும் தரைக்கும் இடையே மல்டிமீட்டரில் அளந்தார். தொண்ணூறுக்கு மேல் வோல்ட் காட்டியது. பிறகு மோட்டாரை நிறுத்தி, எர்த் வயரின் இரு முனைகளிலும் புரோப் வைத்து பஸ்ஸர் அடித்துப் பார்த்தார் (இணைப்பு அறாமல் இருந்தால் மீட்டர் பீப் அடிக்கும் சோதனை இது). பீப் சத்தம் வந்தது. "எர்த் நல்லாத்தான் இருக்கு, இது சும்மா இண்டக்‌ஷன் வோல்டேஜ், மீட்டர்ல மட்டும்தான் தெரியும், ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் போட்ட கணக்கு ஓரளவு சரியானதே. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்மின்தடை பொதுவாக 10 மெகா ஓம். அவ்வளவு பெரிய தடையோடு பார்க்கும்போது, பக்கத்து லைவ் வயரோடு ஒட்டி ஓடும் வெறும் வயரில்கூடப் பல பத்து வோல்ட் தெரியும். அதற்குப் பின்னால் மின்னோட்டம் தரும் திராணி இருக்காது. இந்தப் பொய் வோல்ட்டேஜைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள், உண்மையானது வரும்போதும் அதையே நினைத்துவிடுகிறார்கள். பஸ்ஸரைப் பற்றி அவர் கவனிக்காதது ஒன்றும் உண்டு: பல மீட்டர்களில் இருபது முப்பது ஓம் தடை இருந்தால்கூட பீப் கேட்கும். எர்த் வயர் என்றால் ஓமின் சிறு பின்னமாகத்தான் இருக்க வேண்டும். மேலும் அவர் அளந்தது மோட்டார் நின்றிருந்தபோது. துருப்பிடித்த இணைப்பு நின்றிருக்கும்போது ஒட்டிக்கொண்டு, அதிரும்போது விட்டுவிடும்.

அன்றிரவு நாங்கள் கண்டவை

இரவு பதினொன்றரைக்கு நானும் என்னிடம் வேலை கற்கும் ஐடிஐ முடித்த தம்பியும் போனோம். நான் முதலில் செய்தது அந்த அக்காவைத் தேடிப் பேசியது. எங்கே தொட்டால், எந்தக் கையில், கால் எங்கே நின்றபோது என்று கேட்டேன். பீப்பாயின் இரும்பு வளையத்தைத் தொட்டால் மட்டும்தான், மரப்பலகை மேல் நின்றால் இல்லை, தண்ணீரில் நின்றால் உண்டு என்றார். இவ்வளவு தெளிவான சாட்சியை மீட்டர்கூட அவ்வளவு சீக்கிரம் தராது. மோட்டாரை நிறுத்தி எல்லோரையும் கொட்டகைக்கு வெளியே நிற்கச் சொன்னேன்.

எதற்கு எதிராக அளப்பது என்பதுதான் முதல் கேள்வி. நியூட்ரலே சரியில்லாமல் இருக்கலாம், எர்த் வயரைத்தான் சந்தேகிக்கிறோம், ஆகவே இரண்டையும் ஒப்பீட்டுப் புள்ளியாக வைக்கக் கூடாது. கொட்டகையிலிருந்து பத்துப் பதினைந்தடி தள்ளி ஈரமான மண்ணில் ஒரு இரும்புக் கம்பியை அடித்து இறக்கினேன். மீட்டரின் கறுப்பு லீடை முதலைக் கவ்வியால் அந்தக் கம்பியில் மாட்டினேன். இனி என் ஒரு கைக்கு மட்டும்தான் வேலை. மற்றொரு கை சட்டைப் பைக்குள். ரப்பர் கையுறை, காய்ந்த பலகை. முதலில் நியூட்ரலுக்கும் கம்பிக்கும் பார்த்தேன்: 3.1 வோல்ட். நியூட்ரல் நன்றாக இருக்கிறது. பிறகு மோட்டாரை ஓடவிட்டு ஸ்டாண்டைத் தொட்டேன்: 112 வோல்ட்.

112 வோல்ட் பொய்யா, மெய்யா

இங்கேதான் நிதானம் வேண்டும். என் மீட்டரில் குறைந்த உள்மின்தடையில் அளக்கும் ஒரு நிலை உண்டு. அதில் மீட்டரின் தடை 10 மெகா ஓமிலிருந்து ஏறக்குறைய 3,000 ஓமுக்கு இறங்கும். பொய் வோல்ட்டேஜ் என்றால் அந்தச் சுமையைத் தாங்காமல் பூஜ்யத்துக்கு அருகே விழுந்துவிடும். அந்த நிலை இல்லாதவர்கள் ஒரு சிறிய குண்டு பல்பைக் குறுக்கே போட்டுப் பார்ப்பார்கள், அதுவும் இதே வேலைதான்.

தம்பிக்குக் காட்டுவதற்காக முதலில் ஒரு பொய்யை அளந்தோம். ஸ்டார்ட்டருக்கு வந்த கேபிளில் பயன்படாத ஒரு கோர் (உள்கம்பி) இருந்தது, இரு முனையும் எங்கும் சேராதது. வழக்கமான நிலையில் 74 வோல்ட் காட்டியது. குறைந்த தடை நிலையில் 0.4 வோல்ட். 0.4 வோல்ட்டை 3,000 ஓமால் வகுத்தால் 0.13 மில்லி ஆம்பியர். யாருக்கும் உறைக்காது.

அடுத்து ஸ்டாண்டை அதே நிலையில் அளந்தோம். 112 வோல்ட் 27 வோல்ட்டாக விழுந்தது.

"பாதிக்கு மேல விழுந்துடுச்சுங்ணா, அப்ப பொய்தானே?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. நான் பார்த்த பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். விழுந்ததா என்று பார்த்தால் போதாது, விழுந்த பிறகு எவ்வளவு மிச்சம், அந்த மிச்சம் எவ்வளவு ஓட்டத்தைத் தள்ளுகிறது என்று கணக்குப் போட வேண்டும். 27 வோல்ட், 3,000 ஓம்: 9 மில்லி ஆம்பியர். கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் எழுதிக் காட்டினேன். 112 வோல்ட் 27 ஆகக் குறைய வேண்டுமானால், கசிவுப் பாதையில் ஏறக்குறைய 9,400 ஓம் தடை இருக்க வேண்டும். நனைந்த கை, நனைந்த கால் உள்ள ஆளை ஏறக்குறைய 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், அவர் உடலில் ஓடக்கூடியது சுமார் 10.8 மில்லி ஆம்பியர். மெல்லிய சுருக்கென்ற உணர்வு அரை முதல் ஒரு மில்லி ஆம்பியரில் தொடங்கிவிடும். பத்தை ஒட்டிப் போனால் பிடித்த இரும்பை விட முடியாமல் தசை இறுகத் தொடங்கும். அந்த அக்கா இழுக்கிறது என்று சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி.

5 எச்பி மோட்டாருக்குப் போட்ட பியூஸுக்கோ, ஓட்டம் மிஞ்சினால் தானே விழும் எம்சிபி சுவிட்சுக்கோ 11 மில்லி ஆம்பியர் கண்ணிலேயே படாது. சிறு கசிவைக் கண்டாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி எதுவும் அங்கே இல்லை.

நான் செய்திருக்கத் தேவையில்லாத அளவீடு

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கணக்கு சரிதானா என்று நேரடியாகப் பார்க்க ஆசைப்பட்டேன். சிவப்பு லீடை வோல்ட் துளையிலிருந்து பிடுங்கி 10 ஆம்பியர் துளையில் செருகி, நாப்பை ஆம்பியரில் வைத்து, ஸ்டாண்டிலிருந்து கம்பிக்கு மீட்டர் வழியாக ஓடவிட்டேன். தெரியாத ஓட்டத்தைப் பெரிய அளவில்தான் தொடங்க வேண்டும் என்பதால் 10 ஆம்பியர் துளை. 0.012 என்று காட்டியது. 12 மில்லி ஆம்பியர். கணக்கு பொருந்தியது.

அந்தப் பொருத்தத்தின் மகிழ்ச்சியில் லீடை வோல்ட் துளைக்கு மாற்ற மறந்தேன். இந்த அளவீட்டால் முடிவு எதுவும் மாறவில்லை. 9 மில்லி ஆம்பியர் என்று தெரிந்தபோதே மோட்டாரை நிறுத்த வேண்டும் என்பது தீர்மானமாகிவிட்டது. கசிவை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்திருந்தால் லீடைத் தொடாமலே அதைச் செய்திருக்கலாம். ஓடும் சர்க்யூட்டின் குறுக்கே ஆம்பியர் துளையைப் போடும் வேலையை, அவசியம் இல்லாதபோது யாரும் செய்ய வேண்டாம் என்றுதான் இன்று சொல்வேன்.

மூன்று பூஜ்யங்கள்

மோட்டாருக்கு வரும் வயர்கள் சேரும் டெர்மினல் பெட்டியைத் திறக்க வேண்டும். மெயின் சுவிட்சை இறக்கி, வெளியேறும் பக்கம் மூன்று பேஸும் செத்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லி மீட்டரைத் தம்பியிடம் கொடுத்தேன். நான் ஸ்பேனர் எடுக்கப் பைக் பெட்டிக்குப் போனேன். அவன் நாப்பை ஏசி வோல்ட்டில் சரியாகத்தான் வைத்தான். துளையைப் பார்க்கவில்லை. கொடுத்த நானே பார்க்கவில்லை.

பேஸ் ஒன்றுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தான். பூஜ்யம். இரண்டு, பூஜ்யம். மூன்று, பூஜ்யம்.

"மூணு பேஸும் ஜீரோங்ணா, தொறக்கட்டுங்களா?"

நான் திரும்பி வந்தபோது அவன் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு: பூஜ்யம் பார்ப்பதற்கு முன்னும் பின்னும், உயிருள்ளது என்று தெரிந்த ஒரு இடத்தில் மீட்டரை வைத்துப் பார்ப்பது. பழக்கமாகவே, "முதல்ல பிளக்ல வெச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. விளக்கு சர்க்யூட் மெயின் சுவிட்சுக்கு முன்பே பிரிந்து போகிறது, அந்தப் பிளக்கில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அங்கே வைத்தான். பூஜ்யம். எரியும் பல்பு பக்கத்தில், மீட்டரில் பூஜ்யம்.

அவன் முகம் வெளுத்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். மீட்டரை வாங்கிப் பார்த்தால் சிவப்பு லீடு 10 ஆம்பியர் துளையில். வோல்ட் துளை காலி. மீட்டர் எதையும் அளக்கவே இல்லை. காலியான துளையில் இருந்ததைத்தான் காட்டியது.

லீடை மாற்றிப் பிளக்கில் வைத்தேன்: 234 வோல்ட். மெயின் சுவிட்சின் வெளியேறும் பக்கம் வந்தேன். பேஸ் இரண்டு, பூஜ்யம். பேஸ் மூன்று, பூஜ்யம். பேஸ் ஒன்று: 236 வோல்ட்.

கைப்பிடி இறங்கியிருந்தது. உள்ளே ஒரு பிளேடு இறங்கவில்லை. பின்னர் திறந்து பார்த்தபோது, அந்தப் பேஸின் காண்டாக்ட் உருகி ஒட்டிப்போயிருந்தது. கைப்பிடியை இழுத்தால் மற்ற இரண்டு பேஸ் பிரியும், அது நின்ற இடத்திலேயே நிற்கும். சில வினாடி போயிருந்தால், நனைந்த தரையில் நின்று தம்பி அந்தத் திருகைத் தொட்டிருப்பான்.

முதல் பேஸில் மீட்டர் வெடிக்காதது ஏன்

அவன் முதல் பேஸைத் தொட்டபோது மீட்டருக்குள் என்ன நடந்தது என்பதும் பதிவாக வேண்டும். 10 ஆம்பியர் துளைக்கும் காமன் துளைக்கும் நடுவே இருப்பது ஒரு பியூஸும், ஓட்டத்தை அளக்க உதவும், ஓமில் நூறில் ஓரிரு பங்கு தடை உள்ள ஒரு ஷண்டும். நாப் எங்கே இருந்தாலும் அந்தப் பாதை அப்படியேதான் இருக்கும். ஆகவே அவன் 236 வோல்ட்டை ஏறக்குறைய ஒரு துண்டுக் கம்பியால் நியூட்ரலோடு சேர்த்தான். அது முழு ஷார்ட்.

என் மீட்டரில் இருந்தது 11 ஆம்பியர், 1000 வோல்ட் எச்ஆர்சி பியூஸ், பெரிய ஷார்ட்டையும் பத்திரமாக அறுக்கக்கூடியது. பீங்கான் குழல், உள்ளே மணல். ஷார்ட் ஆனதும் உள்ளே எழும் தீப்பொறியை அந்த மணல் விழுங்கி அணைத்துவிடும். பியூஸ் போனது அவனுக்குத் தெரியவே இல்லை. பிறகு கேட்டபோது யோசித்துச் சொன்னான்: "ஃபர்ஸ்ட் வெச்சப்ப முனைல சின்னதா ஒரு பொறி தெரிஞ்சதுங்ணா. ஈரம்னு நெனச்சேன்." வோல்ட் அளக்கும்போது புரோப் முனையில் பொறி வரவே கூடாது. வந்தால் அது செய்தி. அங்கேயே நிறுத்த வேண்டும்.

கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் நிற மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளையருகே பியூஸ் இல்லை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். வேறு சிலவற்றில் 250 வோல்ட் கண்ணாடி பியூஸ் இருக்கும். கண்ணாடி பியூஸ் உருகினாலும் அந்த இடைவெளியில் தீப்பொறி தொடர்ந்து நிற்கலாம், குழல் உடைந்து உலோக ஆவி பரவலாம். அப்படி ஒரு மீட்டர் அன்று அவன் கையில் இருந்திருந்தால் நான் எழுதுவது வேறு மாதிரியான பதிவாக இருந்திருக்கும்.

அதன் பிறகு எடுத்த முடிவுகள்

மெயின் சுவிட்சை நம்ப முடியாது என்று தெரிந்தபின் அதற்குக் கீழே எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். மோட்டாரைத் தொடாமல் ஓட்டலாமே, ஒரு லோடு மட்டும் கழுவிவிடலாமே என்று உரிமையாளர் கேட்டார். லாரி காத்திருந்தது, விடிந்தால் மண்டி விலை போய்விடும், அவருடைய தவிப்பு எனக்குப் புரிந்தது. ஆனாலும் முடியாது என்றேன். பக்கத்துக் கொட்டகையில் மூட்டைகளைக் கழுவ ஏற்பாடு செய்தார். நால்வரும் அங்கே போனார்கள். கிழிந்த பூட்ஸுக்குப் பதிலாகத் தன் மகனுடையதை அந்த அக்காவுக்குக் கொடுத்தார்.

காலையில் மின்வாரிய லைன்மேன் வந்து, கொட்டகைக்கு மின்சாரம் நுழையும் இடத்திலுள்ள சர்வீஸ் கட்டவுட் பியூஸ்களைப் பிடுங்கி, தன்னிடமே வைத்துக்கொண்டார். பிளக்கில் வைத்துப் பார்க்க அங்கே இனி மின்சாரம் இல்லை. அதனால் பக்கத்துக் கொட்டகைப் பிளக்கில் மீட்டரை நிரூபித்து, வந்து மூன்று பேஸும் அளந்து, மறுபடி அங்கே போய் நிரூபித்தோம். இருபதடி நடை. தம்பியே நடந்தான்.

டெர்மினல் பெட்டியின் ரப்பர் கேஸ்கெட் போய்விட்டிருந்தது. உள்ளே கேரட் மண் கலந்த கறுப்புச் சேறு, ஒரு பேஸ் முனையிலிருந்து பெட்டியின் உடல் வரை பாலம் போட்டிருந்தது. மல்டிமீட்டரின் ஓம் நிலையில் அளந்தால் எண் நிற்கவில்லை. 9,000, 13,000, 11,000 என்று அலைந்தது. லீடுகளை மாற்றி வைத்தால் வேறு எண். ஈரச் சேறும் இரு உலோகங்களும் சேர்ந்தால் அதுவே சிறு பேட்டரி. மீட்டர் அனுப்பும் மெல்லிய மின்னோட்டத்தோடு அதுவும் சேர்ந்து குழப்பும். இன்சுலேஷன் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகரில் முள் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் மோட்டாரை ஓட்டுவதில்லை என்பது நாங்கள் கடைப்பிடிக்கும் எல்லை.

எர்த் வயர் எட்டாம் நம்பர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி. மோட்டார் காலடியில், வயரை உடலோடு முடுக்கும் லக் இருக்கும் இடம் சேற்றில் புதைந்திருந்தது. கழுவிப் பார்த்தால் வயர் துருவாகி, லக்கோடு சும்மா ஒட்டி நின்றது. விரலால் அசைத்தால் விட்டது, விட்டால் ஒட்டியது. பஸ்ஸர் ஒருமுறை பீப் அடித்தது, அசைத்தபோது நின்றது. முதலில் வந்த வயர்மேன் கேட்ட பீப் உண்மைதான் என்பது அப்போது உறுதியானது. டயர்த் துண்டுகள் ஸ்டாண்டைத் தரையிலிருந்து பிரித்து வைத்திருந்ததால், எர்த் விட்ட வினாடி முதல் பீப்பாய் முழுதும் 112 வோல்ட்டில் மிதந்தது.

விளைவு

மோட்டாரைக் கழுவிக் காயவைத்து, வார்னிஷ் பூசி, புது கேஸ்கெட் போட்டபின் மெகரில் 40 மெகா ஓம். மூன்று பேஸ் மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்பது விதி. ஒன்றுகூட ஒழுங்காக இல்லாத இடத்தில் இரண்டும் போட்டோம், சேற்று மட்டத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும்படி. மெயின் சுவிட்ச் மாற்றப்பட்டது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்தோம். அதே இரும்புக் கம்பிக்கு எதிராக ஓடும் மோட்டாரின் ஸ்டாண்டு: 0.3 வோல்ட்.

ஆர்சிசிபி இருந்திருந்தாலும் அந்த 11 மில்லி ஆம்பியருக்கு அது விழுந்திருக்காது என்பதை உரிமையாளரிடம் தெளிவாகச் சொன்னேன். அது உயிர் காக்கும் கடைசித் தடுப்பு. தொட்டால் கசிவு உறைக்காமல் காப்பது எர்த்.

மீட்டரின் பியூஸ் கோயம்புத்தூரிலிருந்து வர ஒன்பது நாளாயிற்று. நடுவில் ரேடியோ கடையில் கிடைக்கும் கண்ணாடி பியூஸ் அளவில் பொருந்துமா என்று தம்பி கேட்டான். அளவில் பொருந்தினாலும் போடமாட்டேன் என்றேன். அதுவரை அந்த மீட்டரில் வோல்ட்டும் ஓமும் மட்டும் அளந்தோம், ஆம்பியர் துளையில் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது.

மலையில் அளப்பவர்களுக்கு இன்னொன்று

இந்த நிகழ்வுக்குப் பின் மீட்டரின் கையேட்டை வரிவரியாகப் படித்தேன். என்னுடையது கேட்டகிரி மூன்று, 600 வோல்ட். திடீர் வோல்ட் உயர்வை மீட்டர் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் பாதுகாப்பு வகைதான் கேட்டகிரி. கூடவே ஒரு வரி: கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரம் வரை. பெரும்பாலான மீட்டர்களின் கையேட்டில் இந்த வரி இருக்கும். சமவெளியில் யாருக்கும் அது பொருட்டில்லை. ஊட்டி 2,240 மீட்டர். கொடைக்கானலும் 2,000 மீட்டருக்கு மேலேதான். உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும், அதன் வழியே மின்சாரம் பாய்வது சுலபமாகும். மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61010, 2,000 முதல் 3,000 மீட்டர் வரை உள்ளே இருக்கும் காற்று இடைவெளியை 1.14 மடங்காக்கச் சொல்கிறது. ஊட்டியில் நின்று 2,000 மீட்டர் வரைக்கான மீட்டரைப் பிடித்திருக்கிறோம் என்றால், அச்சிட்ட 600 வோல்ட் பாதுகாப்பு முழுதாக நம் கையில் இல்லை. எண்கள் தவறாகக் காட்டும் என்று அர்த்தமில்லை. சர்ஜ் (திடீர் வோல்ட் உயர்வு) வந்தால் தாங்கும் எல்லைதான் குறைகிறது. கோடை மழைக் காலத்தில் இடி இறங்கும் ஊர் இது. ஆகவே அடுத்து வாங்கிய மீட்டர் கேட்டகிரி நான்கு 600 வோல்ட், கேட்டகிரி மூன்று 1000 வோல்ட்.

குளிரும் ஈரமும்கூடக் கணக்கில் வரும். கையேட்டில் உள்ள துல்லியம் 18 முதல் 28 டிகிரி வரைக்கானது. ஜனவரி அதிகாலையில் பைக் பெட்டியில் கிடந்த மீட்டர் நான்கைந்து டிகிரியில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு டீ பேக்டரியின் டிரையர் அறைக்குள் போனால் கண்ணாடியில் மூடுபனி படிவதுபோல மீட்டரின் உள்ளேயும் நீர் படியும். மீட்டரை ஜாக்கெட்டுக்குள் வைத்து எடுத்துப் போவதும், சூடான இடத்தில் கால் மணி நேரம் விட்டு அளப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

மாற்றிக்கொண்டவை

மீட்டரை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுக்கும்போது, கொடுப்பவர் லீடை வோல்ட் துளையில் வைத்து, நாப்பை வோல்ட்டில் வைத்துத்தான் கொடுக்கிறார். வாங்குபவர் துளையைத் தொட்டுப் பார்த்து வாய்விட்டுச் சொல்கிறார். ஆம்பியர் துளையில் அளந்து முடித்த உடனேயே, எண்ணைக் குறித்துக்கொள்வதற்கு முன்பே, லீடு வெளியே வர வேண்டும்.

நிரூபித்தல், அளத்தல், மறுபடி நிரூபித்தல் என்ற மூன்றும் சேர்ந்ததுதான் எங்களுக்குப் பூஜ்யம். நடுவில் உள்ளதை மட்டும் யாராவது சொன்னால் அந்தப் பூஜ்யத்தை ஏற்பதில்லை. புரோப்களுக்கு உறை போட்டு, முனை 4 மில்லி மீட்டர் மட்டும் தெரியும்படி வைக்கிறோம். கேட்டகிரி மூன்றுக்கும் நான்குக்கும் தரம் கேட்பதும் அதுதான்.

எர்த்தை பஸ்ஸரால் சோதிப்பதை நிறுத்திவிட்டோம். லக்கைக் கழுவி, கையால் அசைத்து, அசையும்போதே ஓமில் அளக்கிறோம்.

ஷாக் என்று ஒருவர் மட்டும் சொன்னால், அவர் காலில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கிறோம். அந்தப் பக்கத்திலேயே இன்னும் மூன்று கொட்டகைகளில் டயர்த் துண்டு மேல் நிற்கும் ஸ்டாண்டுகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு உரிமையாளர்கள் எர்த்தைப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் சீசன் முடியட்டும் என்கிறார். இந்த வாரமும் அவரிடம் போய்க் கேட்கப் போகிறேன்.